நேராகக் காட்டும் லென்ஸ்

"மேஸ்திரி, நான் கேட்டது குளியலறைப் படம். நீங்க அனுப்பியிருக்கறது வாளியோட பாஸ்போர்ட் போட்டோ" என்றார் இன்ஜினியர் போனில்.

மேஸ்திரிக்குக் காது சூடாகிவிட்டது. படத்தின் நட்டநடுவே ஒரு பச்சை வாளி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு டைல்ஸ். மூன்றாவது டைல்ஸை அவருடைய கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது.

"குளியலறை சின்னது சார். பின்னாடி நகர்ந்து எடுக்க இடமில்லை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சனிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. சுவர், தரை, மூலை, கோடு எல்லாம் ஒரே படத்துல தெரியணும். பாலிஷ் நேத்தே அனுப்பிட்டார். கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருக்கு."

வாளியைக் கிண்டல் செய்ததைக்கூட மேஸ்திரி பொறுத்துக்கொண்டிருப்பார். பாலிஷ் என்ற பெயர்தான் சுருக்கென்று குத்தியது.

பாலிஷ் ஒரு காலத்தில் மேஸ்திரியிடம் சிமெண்ட் குழைத்தவன். இப்போது தனியாக ஆள் வைத்து டைல்ஸ் ஒட்டுகிறான். வேலை சுமார்தான். ஆனால் முடித்த கையோடு துணியை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துப் பளபளக்க வைத்து, அழகாக ஒரு படம் எடுத்துவிடுவான். ஊருக்கு வெளியே அந்த இன்ஜினியரின் பொறுப்பில் ஒரு புது விடுதி எழும்பிக்கொண்டிருந்தது; செய்த வேலையைப் படத்தில் பார்த்துத்தான் டைல்ஸ் வேலையை யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்வார். மாடி மாடியாகக் குளியலறை. அந்த வேலை கிடைத்தால் மகள் கல்லூரியை முடிக்கும்வரை மேஸ்திரி வேலை தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பாலிஷே போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

"நமக்குள்ள என்னண்ணே! எனக்குக் கிடைச்சா நீங்க என்கிட்ட வந்து ஒட்டுங்க. நிழல்ல வேலை, நேரத்துக்கு டீ."

தன்னிடம் கரணை பிடிக்கப் பழகியவன் தனக்கு டீ வாங்கிக் கொடுப்பதா! அன்று மேஸ்திரி மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அவருக்கு நூல் மேஸ்திரி என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உலகத்தையே அளப்பார். முடிவெட்டும் கடையில் காலண்டர் சாய்ந்திருந்தால், பாதி வெட்டிய தலையோடு எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வருவார். பேருந்தில் முன் இருக்கைக்காரரைத் தட்டிக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க, உங்க வகிடு இடது பக்கம் இழுக்குது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். கோணல் என்றால் அவருக்கு ஆகாது.

அவர் செய்ததிலேயே உன்னதமான வேலை எதுவென்று கேட்டால் சொந்த வீட்டுக் குளியலறையைத்தான் காட்டுவார். கல்யாணமான புதிதில் தன் கையாலேயே ஒட்டியது. சுவரின் மேல்பக்கம், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு நீலப் பட்டை ஓடும். அன்று கூலிக்கு ஆள் வைக்கவில்லை. நூலின் ஒரு முனையை ஆணியில் கட்டிவிட்டு, மறு முனையைப் புது மனைவியின் கையில் கொடுத்தார். "ரசமட்டம்கூட வைக்கலை. வெறும் நூல், வெறும் கண்ணு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மனைவிக்கு மட்டும் அதில் ஒரு சின்னக் குறை. பட்டைக்குக் கீழே துணி காயப்போடும் கம்பி ஒன்று இருந்தது.

"என்னங்க, இந்தக் கம்பியும் பட்டையும் ஒத்துப்போக மாட்டேங்குதே? நடுவுல ரெண்டும் ஒட்டுது, ஓரத்துல விலகுது."

"கம்பி கோணல். இப்பல்லாம் எவன் ஒழுங்கா கம்பி செய்யறான்?"

இப்படியே மூன்று கம்பி மாற்றியாகிவிட்டது. மூன்றுமே கோணல் என்று தீர்ப்பாகிக் கொல்லையில் கிடந்தன.

இப்போது படம் எடுக்க வேண்டும். மகளிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. எறும்பு, வெட்டுக்கிளி, மழைத்துளி என்று எடுத்துக்கொண்டிருந்தவளை மேஸ்திரி குளியலறைக்கு இழுத்துவந்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், வெளியே போய் நின்று பார்த்தாள். "கதவு மறைக்குதுப்பா."

"அவ்வளவுதானே? கழட்டிடலாம்!"

கதவைச் செய்தவன் மேஸ்திரியின் மச்சினன், மனைவியின் தம்பி. தச்சு வேலைக்காரன். கூப்பிட்ட குரலுக்கு வந்து கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். மகள் பின்னால் நகர்ந்தாள், இன்னும் நகர்ந்தாள், முதுகு எதிர்ச் சுவரில் முட்டியது.

"இப்பவும் பாதிதான் தெரியுது. இதுக்கு மேல பின்னாடி போகணும்னா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட அனுமதி கேட்கணும்."

"அப்ப என்ன பண்றது?"

"வைட் ஆங்கிள் லென்ஸ் வேணும். அகலமாப் பிடிக்கும். உள்ளேயே மூலையில நின்னு எடுத்துடலாம்."

அன்று முழுவதும் கதவு இருந்த இடத்தில் போர்வை தொங்கியது. உள்ளே போகிறவர்கள் விடாமல் இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வீட்டில் ஏற்பாடு. மனைவி ஒருமுறை இருமலை நிறுத்தி மூச்சு வாங்கிய நேரத்தில் தம்பி போர்வையை விலக்கப் போக, வீடே அதிர்ந்தது.

மறுநாள் மேஸ்திரி கடைத்தெருவுக்குப் போனார். கேமராவும் லென்ஸும் விற்கிற, வாடகைக்கும் விடுகிற கடை. வாய் ஓயாத கடைக்காரர் முன்னால் இருந்தார். பின்னால் ஒரு மேஜையில், காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பழுது பார்க்கும் அம்மா ஒருவர். அவர் தலை நிமிர்ந்து பார்ப்பது அபூர்வம்.

"இருக்கறதுலேயே அகலமான லென்ஸ் கொடுங்க. எல்லாம் தெரியணும்" என்றார் மேஸ்திரி.

"எல்லாமேவா?"

"ஒண்ணுகூட விடக் கூடாது."

கடைக்காரர் கோலிக்குண்டு போலப் புடைத்த லென்ஸ் ஒன்றைக் கொடுத்தார். கொண்டுவந்து எடுத்தால் உண்மையிலேயே எல்லாம் தெரிந்தது. நான்கு சுவர், கூரை, தரை, கேமரா பிடித்த மகளின் கால் விரல்கள், போர்வையைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்த மச்சினன், அவன் கையிலிருந்த டீ. ஆனால் குளியலறை பானைக்குள் எட்டிப் பார்த்தது போல உருண்டையாக இருந்தது. நீலப் பட்டை வானவில்லாகிவிட்டது.

"அய்யய்யோ! என் பட்டை!" என்று மேஸ்திரி நெஞ்சில் கை வைத்தார்.

கடைக்காரர் சிரித்தார். "அது மீன்கண் லென்ஸ். வளைச்சுத்தான் காட்டும். நீங்க எல்லாம் தெரியணும்னு கேட்டீங்களே தவிர, நேரா தெரியணும்னு கேட்கலையே?"

லென்ஸ் என்பது வளைத்துக் காட்டக்கூடிய பொருள் என்று மேஸ்திரிக்கு அன்றுதான் தெரியும். தெரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து எல்லா லென்ஸையும் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

இரண்டாவதாகக் கடைக்காரர் கொடுத்தது நல்ல லென்ஸ். "கட்டடம் எடுக்கறவங்க எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போவாங்க. கோடு கோடாவே வரும்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

இந்த முறை மேஸ்திரி ஏற்பாடுகளைப் பலப்படுத்தினார். வாசல் வழியாகக் கூடமும் மச்சினனும் தெரிவதால் கதவைத் திரும்ப மாட்டச் சொன்னார். கோணல் கம்பி படத்தில் விழுந்தால் மானம் போய்விடும் என்று அதைப் பிடுங்கிக் கொல்லையில் போட்டார். ஈரத்துணியெல்லாம் கூடத்துக்கு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தன. சுவரில் ஒரு துளி தண்ணீர்க் கறைகூட இருக்கக் கூடாதென்று, படம் எடுத்து முடியும்வரை யாரும் குளிக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

"அப்ப நான் எங்கங்க குளிக்கறது?"

"பக்கத்து வீட்டுல கேளு."

"சோப்பையும் துண்டையும் தூக்கிட்டுத் தெருவுல போகச் சொல்றீங்களா?"

"ரெண்டு நாள்தானே. வேலை கிடைச்சா உனக்குக் குளியல் தொட்டியே வெச்சுத் தரேன்."

படம் எடுத்தார்கள். சுவர் தெரிந்தது, தரை தெரிந்தது, மூலைகள் கத்தி போல வந்திருந்தன. எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

நீலப் பட்டை நடுவில் தொங்கியது. அதிகமில்லை. தொட்டிலில் எலிக்குஞ்சு படுத்தால் எவ்வளவு தொங்குமோ அவ்வளவு.

"லென்ஸ் கெட்டுப்போனது" என்றார் மேஸ்திரி.

"இது நல்ல லென்ஸுப்பா" என்றாள் மகள் மெதுவாக. "ஒரு தடவை சுவர்ல நூல் போட்டுப் பார்த்துடலாமா?"

மச்சினன் கூரையைப் பார்த்தான். மேஸ்திரியின் மூக்கு நுனி சிவந்தது.

"என் கோட்டுக்கு நூலா? ஊரே என்னை வெச்சு நூல் பார்க்குது. என் பொண்ணு எனக்கே நூல் பார்க்கறாளா?"

"இல்லப்பா, சும்மாதான்…"

"பாப்பா சொல்றதுல என்னங்க தப்பு?" என்று மனைவி நடுவில் வந்தாள். "அன்னைக்கு நூலைப் பிடிச்சதே நான்தான். அடுப்புல பால் வெச்சுட்டு வந்திருந்தேன். பொங்கிடுமோ பொங்கிடுமோன்னு எட்டி எட்டிப் பார்த்துட்டே நின்னது இன்னைக்கும் ஞாபகம் இருக்கு."

"பால் பொங்கினதுக்கும் பட்டைக்கும் என்ன சம்பந்தம்? நீங்க எல்லாரும் பாலிஷ் கட்சியில சேர்ந்துட்டீங்களா?"

மேஸ்திரி அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையிலேயே உயர்ந்ததை எடுத்துவந்தார். அதன் வாடகையைக் கேட்டு மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் எடுத்த படத்தில் டைல்ஸ் இடுக்கில் இருந்த மண் துகள்கூடத் தெரிந்தது. பட்டையின் தொய்வும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி கடைக்குள் புயலாக நுழைந்தார்.

"உங்க கடையில நேரா காட்டற லென்ஸ் ஒண்ணுகூட இல்லையா?"

"சார், இதுக்கு மேல நேரான லென்ஸை இனிமேல்தான் யாராவது செய்யணும்" என்று கடைக்காரரும் குரலை உயர்த்தினார். வாடிக்கையாளர்கள் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவருக்கும் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு எது நேரா தெரியுதோ அதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. காசுகூட வேண்டாம்!"

பழுது பார்க்கும் மேஜையின் ஓரத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் தூசி படிந்த லென்ஸ்கள் சில கிடந்தன. மேஸ்திரி கையை விட்டுத் துழாவி, மகளின் கேமராவுக்குப் பொருந்துகிற அகலமான ஒன்றை எடுத்தார். பழுது பார்க்கும் அம்மா தலையை நிமிர்த்தி, ஒரு காதை விடுவித்துக்கொண்டார்.

"அது வந்து, அந்த லென்ஸ்…"

"நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா. ரெண்டு நாளா எல்லாரும் எனக்குப் பாடம் எடுத்தாச்சு."

அந்த அம்மா தோளைக் குலுக்கிவிட்டுப் பாட்டை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் மகள் நம்பிக்கையில்லாமல்தான் அந்த லென்ஸைப் பூட்டினாள். அது திரும்பும்போதே கரகரவென்று சத்தம் போட்டது. மூலையில் நின்றாள், அழுத்தினாள், திரையைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"என்ன?"

"அப்பா… நேரா இருக்கு."

மேஸ்திரி கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார். நீலப் பட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, நூல் பிடித்தது போல நின்றது. தொய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"பார்த்தியா? பார்த்தியா! என்னமோ நூல் போடச் சொன்னியே!"

"மன்னிச்சுக்கோப்பா" என்றாள் மகள். மனைவியும் அருகில் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "நான்கூடப் பால் ஞாபகத்துல ஏதாவது விட்டுட்டேனோன்னு பயந்தே போயிட்டேன்" என்று பெருமூச்சு விட்டாள். சோப்பையும் துண்டையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்ததைக்கூட அந்த நிமிஷத்தில் அவள் மன்னித்துவிட்டாள்.

எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. படத்தின் ஓரத்தில் கதவு நின்றது. அதன் விளிம்பு வெளிப்பக்கமாக, தொப்பை வைத்தவன் போலப் பிதுங்கியிருந்தது.

மேஸ்திரி மச்சினனைக் கூப்பிட்டார். "மாப்ளே, இங்க வா. இது என்ன?"

"கதவு மாமா."

"கதவுதான். எப்படி இருக்கு?"

மச்சினன் படத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "நேர்ல நல்லாத்தானே இருக்கு?"

"நேர்ல கண்ணு ஏமாத்தும். லென்ஸ் ஏமாத்தாது. இத்தனை வருஷமா என் பட்டைக்குப் பக்கத்துல இந்தக் கோணல் கதவு நின்னிருக்கு. சொந்தக்காரனாச்சேன்னு நானும் கவனிக்காம விட்டுட்டேன் பாரு."

மச்சினன் முகம் சுண்டிப்போனது. தச்சு வேலையில் அவனைக் குறை சொன்னவர் அதுவரை யாருமில்லை. ஆனால் கையில் அத்தாட்சியோடு நிற்கிற அக்கா வீட்டுக்காரரிடம் என்ன வாதாடுவது?

படம் இன்ஜினியருக்குப் போனது. சனிக்கிழமை காலையிலேயே பதில் வந்துவிட்டது.

"அசத்திட்டீங்க மேஸ்திரி! பாலிஷ் படத்துல பளபளப்புதான் இருக்கு. உங்களுதுல கோடு இருக்கு. எனக்கு வேண்டியது கோடுதான். வேலை உங்களுக்குத்தான்னு வெச்சுக்கங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நேர்ல ஒரு பார்வை பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். ஆமா, அந்தக் கதவு என்ன அப்படி?"

"அது என் மச்சினன் வேலை சார். நீங்க வர்றதுக்குள்ள சரி பண்ணிடறோம்."

மச்சினன் கதவைக் கழற்றிக் கூடத்தில் படுக்கவைத்தான். படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டான். எங்கே பிதுங்கியிருக்கிறதோ அங்கே இழைப்புளியை வைத்து இழைக்க ஆரம்பித்தான். சுருள் சுருளாக மரம் உதிர்வதை ஒரு திருப்தியோடு பார்த்துவிட்டு, மேஸ்திரி ஒரு பெட்டி பிஸ்கட்டும் அச்சுப் போட்ட இன்னொரு படமுமாகக் கடைக்குக் கிளம்பினார். இப்பேர்ப்பட்ட லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா? விலைக்கே வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"உயர்ந்ததுன்னு நீங்க கொடுத்ததெல்லாம் ஏமாத்திடுச்சு. தகர டப்பாவுல கிடந்தது உண்மையைப் பேசுச்சு!" என்று கடைக்காரரின் முன்னால் படத்தை விரித்தார். விடுதி வேலை கிடைத்ததை, மச்சினன் கதவை இழைத்துக்கொண்டிருப்பதை, சாயங்காலம் இன்ஜினியர் வரப்போவதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பின் மேஜையில் அந்த அம்மா வழக்கம்போலப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களையும் சும்மா சொல்லக் கூடாது. நேத்து எரிஞ்சு விழுந்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்று மேஸ்திரி அவர் முன்னால் பிஸ்கட் பெட்டியை நீட்டினார்.

அந்த அம்மா பாட்டைக் கழற்றினார். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். படத்தை வாங்கிப் பார்த்தார். மேஜையிலிருந்த இரும்பு அளவுகோலை எடுத்து நீலப் பட்டையின் மேல் வைத்தார்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.

"அப்படிச் சொல்லுங்க!"

"எந்த லென்ஸ்ல எடுத்தீங்க?"

"இதோ, உங்க டப்பாவுல இருந்ததுதான்."

அவர் லென்ஸை வாங்கிக் காதருகே ஆட்டினார். உள்ளே எதுவோ கலகலத்தது. "இது கீழே விழுந்து உள்கண்ணாடி இடம் மாறின லென்ஸ். இதைத்தான் நேத்துச் சொல்ல வந்தேன், நீங்க விடலை. நேரா இருக்கற கோட்டையெல்லாம் இது வெளிப்பக்கம் வளைச்சிடும். மேல இருக்கற கோடுன்னா நடுவுல மேல தூக்கிடும். தொங்கற கோடா இருந்தாத்தான் இதுல நேரா வரும்."

மேஸ்திரியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டது. அடுப்பில் பால். ஒரு முனையில் எட்டி எட்டிப் பார்க்கும் புது மனைவி. நடுவில் தொய்ந்த நூல். கொல்லையில் கிடக்கும் நான்கு கம்பிகள். கடைக்காரர் மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்து, ஓரத்தில் ஆறுதலாக விரலை வைத்தார்.

"மனசை விட்டுடாதீங்க மேஸ்திரி. இந்தக் கதவு படத்துல பிதுங்கித் தெரியுதுன்னா, நிஜத்துல நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்குன்னு அர்த்தம், அதுல மட்டும் யாரும் கை வைக்காமப் பார்த்துக்கங்க."